காலளவும் வண்டியளவும்

செருப்புக்கேற்பக் காலைத் தறிப்பார் உண்டோ என்று கேட்பது தமிழர் வழக்கு. கருவி மனிதனுக்காகவேயன்றி மனிதன் கருவிக்காக அல்லன் என்னும் உண்மையை அவ்வழக்கு எளிய சொற்களில் உணர்த்துகின்றது. எனினும், மனிதன் படைத்த கருவிகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர், இவ்வுண்மை பலமுறை மறக்கப்பட்டுப் பலமுறை மீண்டும் கண்டறியப்பட்டதைக் காண்பர். அதற்குத் தக்கதொரு சான்றாக விளங்குவது மிதிவண்டி.

மேசையும் பெட்டியும் ஆளுக்குச் சற்றே பொருந்தாவிடினும் பெருந்தீங்கில்லை. மிதிவண்டியின் நிலை வேறு. அதனைச் செலுத்துவோர் இரு கைகள், இரு பாதங்கள், இருக்கை ஆகிய ஐந்து இடங்களில் அதனோடு பிணைந்திருக்கின்றனர். நிமிடத்திற்கு 80 முறை மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை ஒவ்வொரு முழங்காலையும் மடக்கி நீட்டுகின்றார்; நான்கு மணி நேரப் பயணத்தில் அத்தொகை 19,200 ஆகின்றது. இருக்கை ஒரு விரற்கடை தாழ்ந்திருப்பின், அச்சிறு பிழையும் அத்தனை முறை நிகழ்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத பிழை மூட்டுக்குப் புலப்படுகின்றது.

தமிழகத்துச் சிற்றூர்களில் சிறுவர்கள் மிதிவண்டி பழகிய முறையை அறியாதார் இலர். பெரியவர்களுக்கென அமைந்த உயர்ந்த வண்டியின் இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. ஆதலின் ‘பார்’ எனப்படும் மேற்குழாய்க்குக் கீழே, சட்டகத்தின் முக்கோண இடைவெளியூடே ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து, அவர்கள் வண்டியைச் செலுத்தினர். ‘குரங்குப் பெடல்’ என்னும் நகைச்சுவைப் பெயர் அம்முறைக்கு வாய்த்தது. அப்பெயரைக் கேட்டுச் சிரிப்போர், வண்டிக்கேற்ப உடல் வளைந்த காட்சியே அஃது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடலுக்கேற்ப வண்டியை அமைக்கும் முயற்சி எங்கே தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்பதை, மிதிவண்டி பிறந்து வளர்ந்த ஐரோப்பிய மண்ணிலிருந்து தொடங்கிக் காண்போம்.

நிலத்தைத் தொட்ட கால்கள்

செருமனி நாட்டு மேன்ஹைம் நகரில் 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் கார்ல் வான் டிரைஸ் என்பார் தாம் அமைத்த இருசக்கர வண்டியில் முதற்பயணம் மேற்கொண்டார். மரத்தாலான அவ்வண்டிக்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. இருக்கையில் அமர்ந்தவாறே இரு கால்களாலும் மாறி மாறி நிலத்தை உந்திச் செல்ல வேண்டும். ஆதலின் இருக்கையின் உயரம் காலின் நீளத்திற்கு ஒத்திருத்தல் இன்றியமையாததாயிற்று. இருக்கை உயர்ந்தால் கால் நிலத்தைத் தொடாது. தாழ்ந்தால் முழங்கால் மடங்கி உந்துவிசை குன்றும். மிதிவண்டியின் மிகப் பழைய வடிவமே செலுத்துவோரின் அளவைக் கேட்டுப் பிறந்தது எனின் மிகையன்று.

இலண்டன் மாநகரில் கோச்சு வண்டிகள் கட்டி வந்த டெனிஸ் ஜான்சன் 1818ஆம் ஆண்டில் இவ்வண்டியின் திருந்திய வடிவம் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே, நீண்ட பாவாடை அணிந்த மகளிர் ஏறி அமர்வதற்கேற்பத் தாழ்ந்த நடுச்சட்டம் கொண்ட வண்டியொன்றையும் அவர் செய்தளித்தார். உடலின் அளவோடு உடையின் இயல்பையும் கருத்திற் கொண்ட அம்முயற்சி, ஆள் பலவகைப்படுவர் என்பதைத் தொழிலாளன் ஒருவன் உணர்ந்தமைக்கு அடையாளமாகும்.

காலே வேகத்தை வரையறுத்த காலம்

1860களில் பாரிசு நகரில் மிஷோ குடும்பத்தினரின் பட்டறையிலிருந்து வெளிவந்த வண்டிகளில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகள் பொருத்தப்பட்டன. கால் நிலத்தை விட்டு மேலே எழுந்தது. ஆயினும் ஒரு புதிய சிக்கல் தோன்றிற்று. மிதியை ஒருமுறை சுழற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுழலும். ஆகவே விரைந்து செல்ல விரும்பினால் சக்கரத்தைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 1870ஆம் ஆண்டில் ‘ஏரியல்’ என்னும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், ஆளுயரச் சக்கரத்தை முன்னும் சிறு சக்கரத்தைப் பின்னும் கொண்ட வண்டிகளே உலகை ஆண்டன.

அவ்வண்டிகளை விற்போர் வாங்குவோரின் காலின் உட்புற நீளத்தை அளந்தே சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தனர். 52 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 4.15 மீட்டர் செல்லும். 60 அங்குலச் சக்கரமோ ஏறத்தாழ 4.79 மீட்டர் செல்லும். நெடிய காலுடையான் பெரிய சக்கரத்தைப் பெற்றான். குறுகிய காலுடையான் எத்துணை வலியுடையானாயினும் சிறிய சக்கரத்தோடு அமைய வேண்டியவனானான். திறமையன்று, எலும்பின் நீளமே வேகத்தின் எல்லையாயிற்று. இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் மிதிவண்டியின் பற்சக்கர விகிதத்தை ‘அங்குலம்’ என்னும் அளவால் குறிப்பர். அஃது அந்தப் பெருஞ்சக்கரத்தின் விட்டத்தை நினைவூட்டும் எச்சமேயாகும்.

அவ்வண்டியில் அமர்ந்தோர் ஏறத்தாழச் சக்கரத்தின் உச்சியிலேயே வீற்றிருந்தனர். சிறு கல் தடுக்கினும் வண்டி முன்புறமாகக் கவிழ, தலைகுப்புற விழுந்தோர் பலர். நீண்ட உடை அணிந்த மகளிரும், முதியோரும், குள்ளமானோரும் அதனை அணுக இயலவில்லை. அவர்களுள் வசதி படைத்தோர் மூன்று சக்கர வண்டிகளை நாடினர். ஓர் இயந்திரம் ஒரே வகை உடலை மட்டும் ஏற்றுப் பிற உடல்களை விலக்கி வைத்தது என்பதே அக்காலத்து வரலாறு.

ஸ்டார்லி வகுத்த கொள்கை

இந்நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உடன்பிறந்தார் மகனாகிய ஜான் கெம்ப் ஸ்டார்லி. கோவென்ட்ரி நகரில் அவர் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரோவர்’ வண்டி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கியது. பற்சக்கரங்களின் விகிதத்தை மாற்றுவதன்மூலம் வேகத்தைக் கூட்ட முடிந்தமையால், சக்கரம் பெரிதாயிருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. கால்நீளத்திற்கும் வேகத்திற்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றபின், சிறிய சக்கரத்தின் அதிர்ச்சியும் தணிந்தது.

ரோவரின் சிறப்புச் சங்கிலியோடு முடிந்துவிடவில்லை. 1898ஆம் ஆண்டில் இலண்டன் கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஸ்டார்லி தம் நோக்கங்களை எடுத்துரைத்தார். செலுத்துவோரை நிலத்திலிருந்து தக்க உயரத்தில் அமர்த்துதல், மிதிகளுக்கு நேராகத் தக்க இடத்தில் இருக்கையை வைத்தல், அவ்விருக்கையை மேலும் கீழுமாகவும் பிற திசையிலும் நகர்த்தத் தக்கதாக அமைத்தல், குறைந்த களைப்போடு மிகுந்த விசையை மிதிகளில் செலுத்துமாறு கைப்பிடியை நிறுவி அதனையும் மாற்றியமைக்கத் தக்கதாகச் செய்தல் ஆகியவை அவர் கூறிய நோக்கங்கள். சங்கிலியைப் பற்றியோ சக்கரத்தைப் பற்றியோ பெருமை பேசாது, ஆள் அமரும் நிலையையே தம் ஆக்கத்தின் உயிராகக் கொண்டார் அவர். பிற்காலத்தார் ஆய்வுக்கூடங்களில் தேடிய பலவற்றுக்கும் வித்து அவ்வுரையில் உள்ளது.

இருக்கை பற்றிய வழக்கு

பிணைப்பிடங்கள் ஐந்தனுள் மிகுந்த துன்பம் தந்தது இருக்கையே. பர்மிங்காம் நகரில் குதிரைக்குரிய தோற்பொருள்கள் செய்துவந்த ஜான் புல்ட்பி புரூக்ஸ், தம் குதிரை இறந்தபின் இரவலாகப் பெற்ற மிதிவண்டியின் இருக்கை வருத்தியமையால் புதியதொன்றை ஆக்கத் தொடங்கினார் என அவர் நிறுவிய நிறுவனம் கூறி வருகின்றது. 1882ஆம் ஆண்டில் அவர் தோல் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். இழுத்துக் கட்டப்பட்ட தடித்த தோல், பல நூறு கல் தொலைவு ஓடியபின், அமர்பவரின் இடுப்பெலும்புக்கேற்பக் குழிந்து இசைந்துவிடும். காலப்போக்கில் கருவியே ஆளின் வடிவை ஏற்றுக்கொள்ளும் அருமையை அவ்விருக்கையிற் காணலாம்.

1890களில் மகளிர் பெருந்தொகையினராய் மிதிவண்டி ஏறினர். நடுக்குழாய் தாழ்ந்த சட்டகங்கள் அவர்களுக்கென விற்கப்பட்டன. அமெரிக்க நாட்டு மதுவிலக்குத் தலைவியார் பிரான்சஸ் வில்லர்டு தம் ஐம்பதுகளில் மிதிவண்டி பழகி, அவ்வனுபவத்தை 1895ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். மருத்துவருள் சிலரோ, இருக்கையின் முனை பெண்களின் உடலுக்குத் தீங்கு செய்யும் என்றும், மிதிவண்டி ஓட்டுவதால் முகமே கோணிவிடும் என்றும் எச்சரித்தனர். அவ்வச்சத்தின் பெரும்பகுதி பெண்கள் வெளியே உலவுவதை விரும்பாத மனத்தில் எழுந்தது. ஆயினும் அதனுள் ஓர் உண்மைத் துளியும் இருந்தது. ஆண்களின் இடுப்பை அளவாகக் கொண்ட இருக்கை பெண்களை வருத்தியது மெய்யே. அதற்கு மறுமொழியாக நடுவே பள்ளமும் துளையும் உடைய இருக்கைகள் அப்போதே விற்பனைக்கு வந்தன. நூறாண்டு கழிந்து, 1990களின் இறுதியில், இருக்கை அழுத்தத்தால் ஆண்களுக்கு நேரும் நரம்புக் குறையையும் குருதியோட்டத் தடையையும் மருத்துவர்கள் எடுத்துரைத்தபோது, அதே பள்ளம் மீண்டும் புதுமையாகப் புகுந்தது. பெண்களின் முறையீட்டை உலகம் செவிமடுத்திருப்பின் ஆண்களும் நலம் பெற்றிருப்பர்.

பட்டறையின் கைக்கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிதிவண்டி ஏழைகளின் ஊர்தியாயிற்று. தொழிற்சாலைகள் பல்லாயிரக்கணக்கில் வண்டிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. பொதுமக்களுக்கான கனத்த வண்டிகள் ஒருசில அளவுகளிலேயே வந்தன. இருக்கைத் தண்டை உயர்த்தித் தாழ்த்துவதொன்றே வாங்கியவர்களுக்கு எஞ்சிய உரிமை. குரங்குப் பெடல் முறைக்குக் காரணமும் அதுவே. வீட்டில் ஒரு வண்டி. அதுவும் தந்தையின் காலளவுக்குரியது.

ஐரோப்பியப் பந்தய வீரர்களின் நிலையோ வேறு. இத்தாலி, பிரான்சு முதலிய நாடுகளில் கைவினைஞர்கள் தையற்காரர் போல் ஆளை அளந்து, இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்துச் சட்டகம் கட்டினர். அவர்களிடையே சில கைக்கணக்குகள் வழங்கின. குதிகாலை மிதியின்மேல் வைத்து அதனைக் கீழே கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் வேண்டிய அளவு மடிப்பு எஞ்சும். மிதிதண்டு கிடைமட்டமாக நிற்கையில் முன்முழங்காலிலிருந்து தொங்கவிடும் தூக்குநூல் மிதியின் அச்சைத் தொட வேண்டும். முழங்கையை இருக்கையின் முனையில் ஊன்றினால் விரல்நுனி கைப்பிடியை அணுக வேண்டும். இவ்விதிகள் எளியவை, நினைவிற் கொள்ளத் தக்கவை. ஆயினும் எல்லா உடலுக்கும் அவை பொருந்துவதில்லை. தூக்குநூல் விதியை அமெரிக்க வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் பிற்காலத்தில் மறுத்தெழுதினார். மிதித்தலின் இயக்கவியலுக்கும் நிலத்தை நோக்கி விழும் நூலுக்கும் தொடர்பில்லை என்பது அவர் வாதம்.

வெற்றி வீரரின் வலி

பொருத்தம் என்பது ஒருமுறை முடிந்துவிடும் செயலன்று என்பதைப் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் வாழ்வு காட்டுகின்றது. பிரான்சைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தை 1969ஆம் ஆண்டில் முதன்முறை வென்ற அவர், அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிரான்சின் புளுவா நகரத்து ஓட்டக்களத்தில் கொடிய விபத்துக்குள்ளானார். அவருக்கு முன்னே இயந்திர வண்டியில் சென்ற வேகவழிகாட்டி பெர்னான் வாம்ப்ஸ்ட் உயிரிழந்தார். மெர்க்ஸின் இடுப்பு நிலைபிறழ்ந்தது. அதன்பின் மலையேற்றங்களில் தாம் முன்போல் இல்லை என்று அவரே பன்முறை கூறியுள்ளார்.

வலி குறையும் நிலையைத் தேடி அவர் இருக்கையை உயர்த்தியும் தாழ்த்தியும் வந்தார். பந்தயத்தின் இடையிலேயே திருகுகோலைக் கையிலெடுத்து இருக்கையைச் சரிசெய்த காட்சி அக்காலத்தார் நன்கறிந்தது. அவ்வுடலோடுதான் அவர் அப்பெரும்பந்தயத்தை மேலும் நான்கு முறை வென்றார். 1972ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், மெக்சிக்கோ நகரில், ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடிப் புதிய உலகச் சாதனையும் நிறுவினார். உலகிற் சிறந்த கைவினைஞர்கள் வண்டி கட்டித் தந்தும், அவருக்குரிய இறுதி அளவை அவர் உடலே சொல்ல வேண்டியிருந்தது. நேற்றுப் பொருந்திய அளவு இன்று பொருந்தாமற் போகலாம். ஏனெனில் வண்டி மாறாவிடினும் ஆள் மாறுகின்றார்.

ஆய்வாளரின் அளவுகோல்

கைக்கணக்கு ஆய்வுக்கூடத்தை அடைந்தது 1960களில். இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் நிகழ்த்திய ஆய்வு 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. காலின் உட்புற நீளத்தை 100 எனக் கொண்டால், தாழ்ந்த நிலையிலுள்ள மிதியின் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை 109 இருக்கும்போது குறுகிய நேரக் கடுமுயற்சிக்குரிய ஆற்றல் மிகுதியாக வெளிப்படுகின்றது என அவர்கள் கண்டனர். 1980களில், பிரெஞ்சுப் பயிற்றுநர் சிரில் கிமாரின் அணியில் பயின்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டின் பெயரால் மற்றொரு விதி பரவிற்று. உட்கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கினால், மிதிதண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து இருக்கையின் உயரம் கிடைக்கும் என்பது அவ்விதி.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் மாணவர்க்குப் பயன் தரும். ஒருவரின் உட்கால் நீளம் 80 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். முதல் விதிப்படி மிதியின் அச்சிலிருந்து இருக்கை உயரம் 87.2 சென்டிமீட்டர். மிதிதண்டின் நீளமாகிய 17 சென்டிமீட்டரைக் கழித்தால், நடு அச்சிலிருந்து 70.2 எஞ்சும். இரண்டாம் விதிப்படி அதே உயரம் 70.64. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நோக்கில் எழுந்த இரு விதிகளும் அரை சென்டிமீட்டருக்குள் உடன்படுகின்றன. இவ்வுடன்பாடு வியக்கத்தக்கதே.

ஆயினும் விதி சராசரி மனிதனுக்குரியது. சராசரி மனிதன் எவ்வூரிலும் வாழ்வதில்லை. ஒரே உட்கால் நீளமுடைய இருவருள் ஒருவர்க்குத் தொடை நீண்டிருக்கும். மற்றவர்க்குக் கணைக்கால் நீண்டிருக்கும். ஒருவர் குதிகாலைத் தாழ்த்தி மிதிப்பார். மற்றவர் விரல்நுனியால் மிதிப்பார். ஆகவே மருத்துவ அறிஞர்கள் விளைவையே அளக்க முற்பட்டனர். மிதி தாழ்ந்த நிலையில் முழங்காலின் மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருத்தல் நன்று என்னும் பரிந்துரை 1994ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ புருயிட் முதலிய அமெரிக்க அறிஞர்களால் வெளியிடப்பட்டது. பிற்காலத்தார் ஒப்பிட்டு நோக்கியபோது, 109 என்னும் விதியைப் பின்பற்றியோர் பலரின் முழங்கால் இவ்வெல்லைக்கு வெளியே நின்றதைக் கண்டனர்.

பாதமும் முழங்காலும்

முழங்கால் துன்பத்தின் வேர் பலவேளை பாதத்தில் உள்ளது. பழங்காலப் பந்தய வீரர்கள் காலணியின் அடியில் சிறு கட்டையை ஆணியால் அறைந்து, அதன் பள்ளத்தில் மிதியைப் பொருத்தி, வாரால் இறுக்கிக் கொண்டனர். கட்டையை எங்கே அறைவது? அறிவுடையோர் முதலில் கட்டையின்றிச் சில நாள் ஓட்டினர். மிதியின் தடம் காலணியின் அடித்தோலில் தானே பதிந்தது. அத்தடத்தின்மேல் கட்டையை அறைந்தனர். உடல் விரும்பிய இடத்தை உடலிடமே கேட்டறிந்த நுட்பம் அது.

1980களின் நடுவில், பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பிணைப்பான் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம், அதே நுட்பத்தால் வார் இல்லாத மிதியை வெளியிட்டது. பெர்னார்டு இனோ 1985ஆம் ஆண்டின் பெரும்பந்தயத்தை அம்மிதியோடு வென்றார். அதே இனோ, 1980ஆம் ஆண்டுப் பந்தயத்தில் முதலிடத்திற்குரிய மஞ்சட் சட்டையை அணிந்திருந்தும், முழங்கால் அழற்சியால் போ நகரில் விலக நேர்ந்தது; எத்துணை வலிய வீரரும் முழங்காலுக்கு அடங்கியவரே. புதிய மிதி பாதத்தை இறுகப் பற்றியமையால், சிறிது கோணலாகப் பொருத்தினும் முழங்கால் வருந்தியது. பாதத்தின் இயல்பான சாய்வைக் கண்டறியும் கருவிகள் அப்போது கடைகளுக்கு வந்தன. பாதம் சில பாகைகள் இருபுறமும் அசைய இடந்தரும் மிதிகளும் தொடர்ந்தன. கருவி இறுகப் பற்றியதும், பின்னர்ச் சற்று விட்டுக்கொடுத்ததும் எண்ணத்தக்கவை.

குறுகிய உடலுக்கும் ஒரு வண்டி

நெடுங்காலம் சிறிய சட்டகம் என்பது பெரிய சட்டகத்தைச் சுருக்கியதாகவே இருந்தது. சக்கரங்கள் சுருங்கவில்லை, ஆதலின் முன்சக்கரம் பாதத்தில் இடிக்காதிருக்கச் சட்டகத்தை நீட்டினர். குறுகிய உடலினர் கைப்பிடியை எட்டித் தொட வேண்டியவராயினர். கழுத்தும் தோளும் நோவது தம் வலிமைக்குறைவால் என்று அவர்களுள் பலர் எண்ணிக்கொண்டனர். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1985ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், சிறிய அளவுகளில் முன்சக்கரத்தை 24 அங்குலமாகக் குறைத்து, சட்டகத்தின் நீளத்தைச் சுருக்கியது. குறை உடலில் அன்று, வண்டியில் இருந்தது என்பது அதனால் தெளிவாயிற்று.

மிதிதண்டின் வரலாறும் இத்தகையதே. காலின் நீளம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டும், கடைகளில் 165 முதல் 175 மில்லிமீட்டர்வரையே பெரும்பாலும் கிடைத்தது. நீண்ட தண்டே வலிமை தரும் என்பது பழைய நம்பிக்கை. ஜேம்ஸ் மார்ட்டினும் அவருடைய துணையாய்வாளரும் 2001ஆம் ஆண்டில் 120 முதல் 220 மில்லிமீட்டர்வரை ஐந்து நீளங்களைச் சோதித்தபோது, உச்ச ஆற்றலில் காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ நான்கு விழுக்காடே. சுலோவீனிய வீரர் தாடே பொகாச்சர் 2024ஆம் ஆண்டில் 165 மில்லிமீட்டர்த் தண்டோடு பெரும்பந்தயத்தை வென்றபின், குறுகிய தண்டு இழிவானதன்று என்பதைப் பலரும் ஏற்றனர்.

விரைவும் விதியும்

பொருத்தம் வலியைத் தவிர்ப்பதற்கு மட்டும் உரியதன்று, விரைவுக்கும் உரியது. 1989ஆம் ஆண்டுப் பெரும்பந்தயத்தின் இறுதி நாளில் லெமாண்டு 50 நொடி பின்தங்கியிருந்தார். வெர்சாயிலிருந்து பாரிசுவரை 24.5 கிலோமீட்டர். முழங்கைகளை ஊன்றி உடலை ஒடுக்கிக் காற்றைப் பிளக்கும் புதுக் கைப்பிடியோடு ஓடிய அவர், லோரான் பினியோனை மொத்தத்தில் எட்டே நொடியில் வென்றார். ஸ்காட்லாந்து வீரர் கிரேயம் ஓப்ரி, தம் கையாலேயே கட்டிய வண்டியில் கைகளை மார்பின்கீழ் மடித்தமர்ந்து, 1993ஆம் ஆண்டில் நார்வேயின் ஹாமர் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடினார். அடுத்த ஆண்டில் உலக மிதிவண்டிச் சங்கம் அந்நிலையைத் தடை செய்தது. பொருத்தத்தின் எல்லையை உடலும் வண்டியும் மட்டுமன்றிச் சட்டமும் வரைந்தது.

மூன்று அளவுகளும் மும்மான அளவும்

1990களின் இறுதியில் மைக் பரோஸ் என்னும் ஆங்கிலேயர், தைவான் நாட்டு ஜயன்ட் நிறுவனத்திற்காக, மேற்குழாய் பின்னோக்கிச் சரியும் பந்தய வண்டியை வடிவமைத்தார். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றே அளவுகள். எஞ்சியதை இருக்கைத் தண்டும் கைப்பிடித் தாங்கியும் ஈடுசெய்யும் என்பது கருத்து. செலவு குறைந்தது, நல்ல வண்டி பலர்க்கும் எட்டியது. ஆளை அளந்து சட்டகம் கட்டிய கைவினைஞரின் தொழிலோ சுருங்கியது.

இழந்ததை ஈடுசெய்யப் புதிய அளவுமுறைகள் எழுந்தன. நடு அச்சிலிருந்து கைப்பிடிக் குழாயின் உச்சிவரை உள்ள உயரத்தையும் முன்னீட்டத்தையும் வெவ்வேறாகக் குறிக்கும் முறை 2000க்குப் பின் பரவியது. வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளை ஒரே தராசில் நிறுக்க அது துணை செய்தது. மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, ஓடும்போதே உடலின் அசைவை முப்பரிமாணத்தில் பதியும் கருவிகளும் வந்தன. அவை மில்லிமீட்டரையும் பாகையையும் பிழையின்றிச் சொல்கின்றன. ஆயினும் வலிக்கின்றதா என்னும் வினாவுக்கு விடையளிக்க வல்லவர் வண்டியில் அமர்ந்திருப்பவரே.

முடிவுரை

தேர்ந்த பொருத்துநர் இன்றும் பெரும்பாலும் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றனர். முதலிற் காலணியும் மிதியும், அடுத்து இருக்கையின் உயரம், பின்னர் அதன் முன்பின் நிலை, இறுதியிற் கைப்பிடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் சில மில்லிமீட்டரே மாற்றுகின்றனர். சில நாள் ஓடச் செய்து மீண்டும் கேட்கின்றனர். முழங்காலின் முன்புறம் வலிப்பின் இருக்கை தாழ்ந்துள்ளதோ என்றும், பின்புறம் வலிப்பின் உயர்ந்துள்ளதோ என்றும், கை மரத்துப்போயின் உடற்பாரம் முன்னே சாய்ந்துள்ளதோ என்றும் ஆராய்கின்றனர். சூத்திரம் அவர்களுக்குத் தொடக்கம், முடிவன்று.

டிரைசின் மரவண்டி முதல் ஒளிப்புள்ளிக் கருவிவரை இருநூறு ஆண்டுகளில் ஒரே வினா பலமுறை எழுந்துள்ளது: வளைய வேண்டியது ஆளா, வண்டியா? வண்டி வளைய மறுத்த காலங்களிலெல்லாம் அதன் விலையை யாரோ ஒருவர் தம் உடலால் செலுத்தினர். பெருஞ்சக்கரத்தை எட்டாத குறுங்காலினர், ஆணின் இருக்கையில் அமர்ந்து நொந்த பெண்கள், தந்தையின் வண்டியில் ஒருபுறம் சாய்ந்து தொங்கிய சிறுவர்கள் ஆகியோர் அவ்விலையைச் செலுத்தியவர்கள். அவர்களுள் பலர் குறை தம்முடையதென்றே எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் தவறென்பதை மிதிவண்டியின் வரலாறு மெய்ப்பிக்கின்றது. வகுப்பறையிலும் பட்டறையிலும் அளவுகோலைக் கையிலெடுப்போர், அளக்கப்படுபவரின் வாய்ச்சொல்லையும் கேட்டபின் அளவைக் குறித்தல் நன்று.